ஐந்து பேரின் மானம் பிணை: வன்னியில் கிழமைக் குழுக்கடன், ஒரு மதிப்பீடு

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார்ப் பெருநிலம் என்று இலங்கையின் வடக்கே வன்னி முழுக்க ஏறக்குறைய ஒரே மாதிரிக் கிடைக்கும் நுண்கடன் சேவை இது. கம்பனியின் பெயர் மாறும், பாஸ் புத்தகத்தின் நிறம் மாறும், மோட்டார் சைக்கிளில் வசூலுக்கு வந்து இறங்கும் தம்பியின் சேர்ட் மாறும். மற்றபடி வழமையில் 30,000 முதல் 100,000 ரூபாய் வரை கடன், கிழமைக்கொரு தவணை, ஒரு வருடத்தில் முடிவு. கடன் பெண்களுக்குத்தான். காணி உறுதி கேட்பதில்லை, நகை கேட்பதில்லை. பக்கத்து வளவுக்காரி நான்கு பேரின் கையெழுத்தைத்தான் கேட்பார்கள்.

இந்தக் கையெழுத்துத்தான் இந்தச் சேவையின் உயிர்நாடி. வட்டியைப் பற்றி எழுதியவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். கையெழுத்துப் போட்ட பிறகு அந்த ஐந்து பேருக்கும் இடையில் என்ன நடக்கிறது என்பதை யாரும் பொருளின் தரமாகப் பார்ப்பதில்லை. இந்த மதிப்பீடு அதைத்தான் பார்க்கிறது.

புள்ளி கேட்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடலாம். காசு கைக்கு வரும் வேகத்துக்கு ஐந்துக்கு நாலரை. விலைக்கு ஒன்று. கட்ட முடியாமல் போகும் கிழமையில் சேவை நடந்துகொள்ளும் விதத்துக்குப் பூச்சியம்.

கடன் எடுக்கும் வழி இதுதான். மூன்று முதல் ஐந்து பெண்கள் ஒரு குழு. அப்படிப் பல குழுக்கள் சேர்ந்தால் ஒரு சென்ரர், அதற்கு ஒரு தலைவி. ஒரே வீட்டாரும் நெருங்கிய இரத்த உறவும் ஒரே குழுவில் இருக்கக்கூடாது என்பார்கள். நடந்து போகும் தூரத்துக்குள் எல்லாரும் இருக்க வேண்டும் என்பார்கள். இரண்டு விதிக்கும் காரணம் ஒன்றுதான்: அக்காவும் தங்கையும் ஒருத்தியை ஒருத்தி நெருக்கமாட்டார்கள், அயலவள் நெருக்குவாள். அடையாள அட்டைப் பிரதி, கிராம அலுவலரின் வதிவிடக் கடிதம், மின்சாரப் பட்டியல், புகைப்படம், பெரும்பாலும் கணவரின் கையெழுத்து. பிறகு ஒன்றிரண்டு நாள் ‘பயிற்சி’. பயிற்சியில் தொழில் பற்றிச் சொல்வது குறைவு. தவணை தவறினால் குழுவின் கடமை என்ன என்பதையே திரும்பத் திரும்பச் சொல்வார்கள். சில இடங்களில் அதை எல்லாரையும் சேர்ந்து உரத்துச் சொல்ல வைப்பதும் உண்டு. அதோடு கிறிப் எனப்படும் கடன் தகவல் பணியக அறிக்கை பார்ப்பார்கள். பதிவில்லாமல் கடன் கொடுப்பவர்களிடம் எடுத்த கடன் அந்த அறிக்கையில் விழுவதில்லை என்பதால், சுத்தமான அறிக்கையோடு மூன்று இடத்தில் கடன் வைத்திருப்பவளும் குழுவுக்குள் வருவாள். அவளுக்கும் நீங்கள்தான் பிணை.

வங்கியில் மாதக்கணக்கில் அலைந்தவர்களுக்கு இந்த வேகம் பெரிய விசயம். அதை மறுக்க முடியாது. மீள்குடியேறி வந்தவர்களிடம் உறுதி இல்லை, உத்தரவாதமுள்ள சம்பளக்காரப் பிணையாளி இல்லை, போரோடு நகையும் போய்விட்டது. 2009க்குப் பிறகு ஏ9 வீதியோரமாக நிதிக் கம்பனிகள் வரிசைகட்டி வந்தபோது, வாசலுக்கே வந்து ‘அக்கா, லோன் வேணுமோ?’ என்று கேட்டவர்கள் இவர்கள்தான்.

இனி விலை. எடுத்துக்காட்டுக்கு 50,000 ரூபாய்க் கடன், வட்டி ‘வருடத்துக்கு 24%’, 52 கிழமை என்று வைத்துக்கொள்வோம். சொல்வது 24, கட்டுவது 62,000, கிழமைக்கு 1,192. ஆனால் அரை வருடம் போகும்போது உங்களிடம் மிச்சமிருப்பது 25,000 அளவுதான். வட்டியோ கடைசிவரை முழு 50,000க்கும் போகிறது. குறைந்துகொண்டு போகும் மீதிக்குக் கணக்குப் பார்த்தால் அந்த 24 வருடத்துக்கு 44 ஆகும். வட்டிக்கு வட்டி சேர்த்துப் பார்க்கும் பயனுறு வீதத்தில் 55 அளவில் நிற்கும். ஆவணச் செலவு, காப்புறுதி என்று 1,500 ரூபாயைக் கழித்து 48,500ஐக் கையில் தந்தால் அதே பயனுறு வீதம் 65ஐத் தொடும்.

மத்திய வங்கி 2018 இன் இறுதியில் நுண்கடனுக்கு உச்ச வட்டியாக வருடப் பயனுறு வீதம் 35% என்று வைத்தது. அதை வீட்டுத் திண்ணையில் இருந்தே சோதிக்கலாம். கையில் உண்மையில் வந்த காசை 1.16 ஆல் பெருக்குங்கள். கிழமைத் தவணையை 52 ஆல் பெருக்குங்கள். இரண்டாவது பெரிதாக இருந்தால் அந்தக் கடன் 35ஐத் தாண்டிவிட்டது. கையில் 50,000 வந்தால் எல்லை 58,000, அதாவது கிழமைக்கு 1,115 ரூபாய். 52 கிழமைக் கடனுக்கு மட்டும்தான் இந்தக் கணக்குச் சரி, 26 கிழமை என்றால் பெருக்கும் எண் இதைவிடச் சிறிது. கைபேசியில் இரண்டு பெருக்கல், அவ்வளவுதான். பயிற்சி நாளில் இதை யாரும் சொல்லித்தருவதில்லை.

விலை அதிகமென்றாலும் கட்டக்கூடியதாக இருந்தால் பிரச்சினை பெரிதாகாது. தையல், இடியப்பம் அவித்து விற்றல், சிறு பெட்டிக்கடை, பால் ஊற்றுதல் என்று நாளாந்தம் கையில் காசு புரளும் தொழிலுக்குக் கிழமைத் தவணை ஓரளவு பொருந்தும். வன்னியின் பெருந்தொழில் அப்படியா? இரணைமடுக் குளத்தின் கீழ் காலபோகத்துக்கு விதைப்பவருக்கு ஒக்ரோபரில் செலவு, பெப்ரவரியில்தான் நெல். ஒக்ரோபரில் எடுத்த 50,000க்கு அடுத்த கிழமையே தவணை தொடங்கும். அறுவடைவரை 18 கிழமை என்றால் 21,456 ரூபாய் திரும்பிப் போய்விடும். கடனில் நாற்பது வீதத்துக்கு மேல், ஒரு மணி நெல் வீட்டுக்கு வரமுன்னரே. பசளைக்கென்று எடுத்த காசில் ஒரு பங்கு பசளையாகாமல் தவணையாகவே போகும். மானாவாரியில் உளுந்து, நிலக்கடலை போடுபவருக்கும் இதே கதிதான், அதோடு மழை வேறு. தவணை தவறுவது சோம்பலால் என்று கூட்டத்தில் பேசுவார்கள். பெரும்பாலும் அது நாட்காட்டியின் பிழை.

இப்போது அந்தக் கையெழுத்துக்கு வருவோம். ஐந்து பேரில் ஒருத்தி ஒரு கிழமை கட்டவில்லை. 1,192ஐ மற்ற நாலு பேரும் பகிர்ந்தால் தலைக்கு 298. ஒரு கிழமைக்கென்றால் அயலுக்காகப் பொறுக்கலாம். அவள் இருபதாவது கிழமையோடு முற்றாக நின்றுவிட்டால் மிச்சம் 32 தவணை, 38,144 ரூபாய். தலைக்கு 9,536. இரண்டு பேர் நின்றால் மிஞ்சிய மூவரும் ஒவ்வொரு கிழமையும் 795 ரூபாய் மேலதிகமாகப் போட வேண்டும். மூன்று பேர் நின்றால் மிஞ்சும் இருவருக்கும் கிழமைத் தவணை 2,980 ஆகிவிடும். தன் கடனில் ஒரு சதமும் கூடாமலே.

இந்தக் கணக்கு தெரிந்த எவளும் கடைசியாக நிற்க விரும்பமாட்டாள். அதனால் யாரும் விழமுன்னரே கண்காணிப்புத் தொடங்கிவிடும். யார் வீட்டில் புதுக் கதிரை, யார் பிள்ளைக்குப் புதுச் சைக்கிள், யார் கோழி விற்றாள், யாருடைய மனுசன் வேலைக்குப் போகவில்லை. முன்பு வேலிக்கு மேலால் எட்டிப் பார்ப்பது சுகம் கேட்க. இப்போது இருப்பெடுக்க. பார்ப்பவளுக்கு அதில் சந்தோசம் ஒன்றும் இல்லை. அவளுடைய 9,536 அந்த வேலிக்கு அப்பால் இருக்கிறது.

சென்ரர் கூட்டம் இருக்கும் நாளில் இது கண்ணுக்குத் தெரியும். தலைவியின் வீட்டு முற்றம், இரண்டு பாய், ஒரு பிளாஸ்ரிக் கதிரை, கதிரை தம்பிக்கு. பெண்கள் குழுக் குழுவாக வரிசையில். ஒவ்வொரு குழுவும் தன் காசைச் சேர்த்து, பாஸ் புத்தகங்களை அடுக்கி, இறப்பர் பட்டி போட்டு நீட்ட வேண்டும். ஒரு குழுவில் குறைந்தால் கூட்டம் கலையாது. மூன்றாம் குழுவில் ஒருத்தி கட்டாததற்கு முதலாம் குழுக்காரி பள்ளிக்கூடத்தால் வரும் பிள்ளைக்குச் சோறு போடப் போக முடியாமல் இருப்பாள். தம்பி ஏசமாட்டார். ஏச வேண்டிய தேவையே அவருக்கில்லை. ‘அக்காமார், முழுக்க வந்தாத்தான் நானும் வெளிக்கிடலாம். எனக்கு மேல இருந்து கோல் வந்துகொண்டிருக்கு’ என்று சொல்லிவிட்டுக் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருப்பார். பத்து நிமிடம். பிறகு பாயில் இருந்து ஒரு குரல் எழும்பும்: ‘பெட்டைக்குச் சாமத்திய வீடு செய்யக் காசு இருந்தது, கட்டுக்காசுக்கு மட்டும் இல்லையாமோ?’ இன்னொருத்தி, ‘வாங்கோ, வீட்டை போய்க் கேப்பம்.’ நாலைந்து பேர் எழும்பிப் போய்ப் படலையில் நிற்பார்கள். உள்ளே இருந்து பிள்ளை வந்து ‘அம்மா இல்லை’ என்று சொல்லும். அம்மா குசினிக்குள் இருப்பது எல்லாருக்கும் தெரியும்.

வசூலிப்பவருக்குச் சம்பளம் கொடுப்பது கம்பனி. படலையில் போய் நிற்பவர்களுக்கு யாரும் கொடுப்பதில்லை. இந்தச் சேவையில் செலவைக் குறைக்கும் பாகம் அதுதான். ஒரு வசூல்காரர் ஒரு நாளில் பல சென்ரர்களை முடிக்கக்கூடியதாக இருப்பதற்கும், பிணைப்பொருள் இல்லாத கடனைக் கம்பனி துணிந்து கொடுப்பதற்கும் காரணம், நெருக்கும் வேலையைக் கடன்காரிகளே இலவசமாகச் செய்வது. தம்பியின் தலையிலும் இலக்குக் குதிரையேறி நிற்கிறது என்பதும் உண்மை. வசூல் குறைந்தால் அவருடைய ஊக்கப்பணம் போகும். மேலே இருந்து வரும் நெருக்குதல் அவரிடம் தங்காமல் பாய்க்கு இறங்குகிறது, பாயிலிருந்து குசினிக்கு.

அடுத்தது, இந்தச் சேவை யாரை உள்ளே விடாது என்பது. விளம்பரத்தில் ‘மிக வறிய பெண்களுக்கு’ என்று இருக்கும். குழுவைத் தெரிவு செய்வது பெண்களே என்பதால், ஆபத்தில்லாதவளைத்தான் சேர்ப்பார்கள். கைக்குழந்தையோடு தனித்து நிற்பவள், கணவர் காணாமல் ஆக்கப்பட்டவள், புனர்வாழ்வு முடித்து வந்தவள், அவயவம் இழந்தவள், குடிகாரன் பெண்சாதி, வாடகைக்கு இருப்பவள். எல்லாரும் ‘பாவம்தான், ஆனா…’ என்ற சொல்லோடு வெளியில் நிற்பார்கள். சேர்க்கும்போது இரக்கம் காட்டினால் பின்பு தன் காசால் கட்ட வேண்டும் என்பது சேர்ப்பவளுக்குத் தெரியும்.

மேலே போகப் பார்ப்பவளுக்கும் இதே கைதான் காலைப் பிடிக்கும். மிளகாய்த்தூள், அரிசிமா இடித்து விற்று நன்றாக ஓடும் ஒருத்திக்கு அரைக்கும் மெசின் போட 150,000 வேண்டும் என்று வைப்போம். கம்பனி தரத் தயார், குழு கையெழுத்திட வேண்டும். மெசின் ஓடினால் இலாபம் அவளுக்கு, நின்றால் நட்டத்தில் பங்கு எல்லாருக்கும். மற்றவர்கள் ஏன் போட வேண்டும்? ‘எங்களோட சேர்ந்து எடுக்கிறதை எடுக்கட்டும், அவவுக்கு மட்டும் என்ன பெரிசு’ என்ற பேச்சைப் பொறாமை என்று ஊர் சொல்லும். பொறாமை இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். பொறாமையே இல்லாதவளும் அந்த இடத்தில் இருந்தால் கையெழுத்துப் போடத் தயங்குவாள். ‘எங்கட சனம் ஒருத்தன் முன்னேறினா மற்றவன் இழுத்து விழுத்துவான்’ என்று சலித்துக்கொள்பவர்கள், எந்தக் காகிதத்தில் கையெழுத்து வைத்த பிறகு அந்த இழுவை தொடங்கியது என்று ஒருமுறை பார்க்கலாம்.

தலைவி பதவி தனிக் கதை. சம்பளம் இல்லை, ஒரு குடை, வருட முடிவில் ஒரு பரிசு. தன் வீட்டு முற்றமும் தன் பெயரும் அவளுடைய முதலீடு. கடன் வராத வீட்டில் முதல் சண்டை அவளோடு. சில தலைவிமார் வேறு வழியில் ஈடு செய்வதும் நடக்கிறது: மற்றவளின் பெயரில் கடன் எடுத்து, பெயர் தந்ததற்கு ஒரு சிறு தொகை கொடுத்து, மிச்சத்தைத் தான் வைத்திருப்பது. ஆள்மாறிய இந்தக் கடன்தான் குழுவை அடியோடு சாய்க்கும். தலைவி ஊரைவிட்டுப் போகும் நாளில் பெயர் கொடுத்தவள்தான் சட்டப்படி கடன்காரி. யாருக்கும் பெயர் கொடுக்காதீர்கள், சொந்தச் சகோதரிக்கும்.

கடன் ஏன் எடுக்கப்படுகிறது என்பதிலும் ஊரின் கண்ணுக்குப் பங்கிருக்கிறது. விண்ணப்பத்தில் ‘கோழி வளர்ப்பு’ என்று இருக்கும். காசு சாமத்திய வீட்டு அல்பத்துக்கும் கேக்குக்கும் போகும். வெளிநாட்டிலிருந்து மாமன் அனுப்பிய காசில் ஒரு வீட்டில் பந்தல் உயர்ந்தால், மாமன் இல்லாத வீடு கிழமைக் கடனில் அதே உயரத்தைப் பிடிக்கப் பார்க்கும். வீட்டுத்திட்டத்திலும் இதைக் கண்டோம். இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 550,000 ரூபாய், கட்டங்கட்டமாக வங்கிக் கணக்குக்கு வந்தது. அந்தக் காசுக்கு அளவான படமும் இருந்தது. பக்கத்து வளவில் ஒரு அறை கூடப் போட்டார்கள் என்று அத்திவாரத்தை இழுத்தவர்கள் லிண்டல் மட்டத்தில் நின்றார்கள், சீமெந்து விலையும் ஏறியது, மிச்சத்துக்குக் கடன். சொல்லுக்கு அஞ்சி எடுத்த கடனை அதே சொல்லுக்கு அஞ்சித்தான் கட்டவும் வேண்டியிருந்தது. ஒரு கம்பனிக்குக் கட்ட இன்னொரு கம்பனியில் எடுத்து, அதுக்குக் கட்ட மூன்றாவது. திங்கள் ஒரு கூட்டம், புதன் ஒரு கூட்டம், வெள்ளி ஒரு கூட்டம். மூன்றாவது பாஸ் புத்தகம் வந்த வீட்டில் கடன் இனித் தொழிலுக்கில்லை.

இந்த மாதிரி எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் கதை இன்னும் விநோதம். வங்காளதேசத்தில் சிட்டகொங் அருகே ஜோப்ரா கிராமத்தில் முகமது யூனுஸ் 1976 இல் தொடங்கிய முயற்சி, 1983 இல் கிராமீன் வங்கி ஆனது, 2006 இல் நோபல் சமாதானப் பரிசும் பெற்றது. ஐந்து பெண்கள், கிழமைக் கூட்டம் எல்லாம் அங்கிருந்து உலகம் முழுக்கப் பரவியவை. ஆனால் 2002 அளவில் கிராமீன் வங்கியே தன் முறையைத் திருத்தி, ஒருவர் கடனுக்கு மற்றவர் பொறுப்பு என்பதைக் கைவிட்டது. பிலிப்பைன்ஸின் லெய்ட்டே பகுதியில் ஒரு வங்கி 2004 முதல் தன் சென்ரர்களில் ஒரு பகுதியைக் கூட்டுப் பொறுப்பில் இருந்து தனியாள் பொறுப்புக்கு மாற்றி, ஆய்வாளர்கள் அதைத் தொடர்ந்து அளந்தார்கள். கூட்டம் அப்படியே நடந்தது, கட்டாமை கூடவில்லை. அயலவளை நெருக்க வைக்காமலே கடன் திரும்பி வரும் என்பதற்கு இதைவிட நேரான சான்று தேவையில்லை. தாய்வீட்டில் கழற்றி வைத்த பாகத்தை எங்கள் ஊரில் இன்னமும் புதிது போல் விற்கிறார்கள்.

அரசும் கைவைத்துப் பார்த்தது. 2016 ஆம் ஆண்டின் 6 ஆம் இலக்க நுண்நிதியளிப்புச் சட்டம் வந்தது. அதன்கீழ் உரிமம் பெற்ற கம்பனிகள் மிகச் சில, வாசலுக்கு வரும் எல்லாரும் அந்தப் பட்டியலில் இல்லை. 2018 இல் வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில் தவணை தவறிய பெண்களின் 100,000 ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடன்களை இரத்துச் செய்வதாக அறிவித்தார்கள். வன்னி மாவட்டங்களும் அதில் அடக்கம். நிவாரணம் தேவைதான். ஆனால் நகையை அடகு வைத்து மற்றவளின் தவணையையும் சேர்த்துக் கட்டியவளுக்கு அதில் ஒன்றும் இல்லை. கட்டாதவளின் கடன் போனது, கட்டியவளின் நகை வரவில்லை. குழுமுறை வைத்த கணக்கை மேலே இருந்து பார்ப்பவர்கள் விளங்காமல் தீர்த்தால் இப்படித்தான் ஆகும். அதே வருடம் இலங்கை வந்த ஐ.நா.வின் சுயாதீன நிபுணர் போஹோஸ்லாவ்ஸ்கி, வசூலின்போது பெண்கள் மீது பிரயோகிக்கப்படும் பாலியல் நெருக்குதலையும் பதிவு செய்தார். 2021 இல் ஹிங்குராக்கொடவில் சிங்களப் பெண்கள் வீதியோரம் சத்தியாக்கிரகம் இருந்ததும் இதே கடனுக்கு எதிராகத்தான். வன்னிக்கு மட்டும் உரிய வியாதி அல்ல இது.

மாற்று எது? மூன்றைச் சொல்லலாம், மூன்றிலும் குறை உண்டு.

சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கமும் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கமும் வன்னிக் கிராமங்களில் இருக்கின்றன. அங்கும் பிணை வேண்டும், அங்கும் ஊர் தெரிய வரும். ஆனால் காசு ஊருடையது, வட்டி ஊருக்கே திரும்பும். முக்கியமாக, அறுவடைவரை தவணையைத் தள்ளிவைக்க நிர்வாகசபையால் முடியும். எங்களுக்குத் தெரிந்தவரை மற்ற எல்லா நன்மையையும்விட இதுவே பெரிது. குறை: நிதி சிறிது, முறை வர மாதக்கணக்கு, தலைவரின் சொந்தக்காரர் வரிசையில் முன்னுக்கு வருவது. சேரமுன்னர் கணக்காய்வு கடைசியாக எப்போது நடந்தது, பொதுக்கூட்டத்தில் கணக்கு வாசிக்கிறார்களா என்று கேளுங்கள். கேட்டதற்கு முகம் சுளித்தால் வேறு சங்கம் பாருங்கள்.

சீட்டுக்கு வட்டியில்லை, குலுக்குச் சீட்டு என்றால் கழிவும் இல்லை. ஆனால் எல்லாம் சீட்டுத் தாச்சியின், அதாவது சீட்டை நடத்துபவரின், நேர்மையில் தொங்குகிறது. பத்துப் பன்னிரண்டு பேருக்கு மேல், ஒரு வருடத்துக்கு மேல் போகும் சீட்டில் சேராமல் இருப்பது நல்லது.

நகை கொஞ்சமாவது இருந்தால் அரச வங்கியில் அடகு. தங்கத்தைக் கழற்றிக் கொடுப்பது ஊருக்குத் தெரிந்தால் குறைவு என்று நினைத்து அதைவிட விலைகூடிய கடனை எடுப்பவர்கள் இருக்கிறார்கள். அடகில் முழுக்க மீட்க முடியாவிட்டால் வட்டியைக் கட்டிப் புதுப்பிக்கலாம். வேலியில் யாரும் வந்து நிற்கமாட்டார்கள்.

இவ்வளவும் வாசித்துவிட்டும் குழுக்கடன்தான் ஒரே வழி என்று இருப்பவர்கள் சிலதைச் செய்யலாம். ஐந்து பேரைவிட மூன்று பேர் குழு நல்லது. மூவருக்கும் வெவ்வேறு வருமானம் இருக்க வேண்டும். மூன்று பேரும் நெல் விதைத்தால் மழை பிழைக்கும் வருடத்தில் மூவரும் ஒன்றாக விழுவார்கள். ஒருத்தி தையல், ஒருத்தி மாடு, ஒருத்தி ஆடைத் தொழிற்சாலைச் சம்பளம் என்றால் ஒருத்தி தடுமாறும்போது மற்ற இருவரால் தாங்க முடியும். தொடக்கத்திலேயே ஒரு தகரப் பேணியில் குழுக்காசு சேருங்கள்: கிழமைக்கு ஆளுக்கு 100 ரூபாய் போட்டால் நாலு கிழமையில் மூன்று பேருக்கு 1,200, ஒரு முழுத் தவணை. தவறும் கிழமையில் அதிலிருந்து கட்டி, தவறியவள் பின்பு பேணிக்குத் திருப்பினால் போதும். கூட்டத்தில் பெயர் விழாது, படலைக்கு யாரும் போகத் தேவையில்லை. இதைத் தம்பிக்குச் சொல்லவும் வேண்டாம். பேணி இருப்பது தெரிந்தால் அடுத்த சுற்றில் தொகையைக் கூட்டச் சொல்வார்.

தவணை தவறிவிட்டால் ஒளிக்காதீர்கள். கிளைக்குப் போய்த் தவணையை மாற்றித் தரும்படி எழுத்தில் கேட்டு, பிரதியில் முத்திரை வாங்குங்கள். கட்டும் ஒவ்வொரு காசுக்கும் பற்றுச்சீட்டு வேண்டும், பாஸ் புத்தகத்தில் போடும் பேனைக் கீறல் போதாது. கடன் கட்டாமை குடியியல் விடயம். ‘பொலிசில குடுப்பம்’ என்பது வெருட்டு, அதற்காகப் பொலிஸ் பிடித்து அடைக்க முடியாது. இருட்டின பிறகு வீட்டுக்கு வருபவரை உள்ளே விட வேண்டியதும் இல்லை. மத்திய வங்கியின் மேற்பார்வைக்குள் வரும் நிறுவனம் என்றால் 1935 என்ற இலக்கத்துக்கு முறையிடலாம், தமிழிலும் பேசலாம். வராத நிறுவனம் என்றால் பிரதேச செயலகமும் மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தரும்தான் முதல் வாசல்.

கடைசித் தவணை கட்டும் நாளில் மூன்றைக் கேட்டு வாங்க வேண்டும்: கணக்கு முடிந்ததற்கான முத்திரையிட்ட கடிதம், கட்டாயச் சேமிப்பு என்று பிடித்த காசு, வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கியிருந்தால் அந்தத் தாள். கடிதத்தை நன்றாக வாசியுங்கள். உங்கள் கடன் முடிந்தது என்று மட்டும் எழுதியிருந்தால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. மற்றவர்களுக்கு வைத்த கையெழுத்து அவர்களின் கடைசித் தவணைவரை நடைமுறையில் இருக்கும். கிளை மூன்று மாதம் கழித்து உங்களைத் தேடி வருவது அந்தத் தாளோடுதான். பிணையிலிருந்தும் நீங்கியாயிற்று என்று எழுதித் தரச் சொல்லுங்கள், அல்லது எந்தத் திகதிவரை பிணை இருக்கும் என்றாவது குறிக்கச் சொல்லுங்கள். ‘சிஸ்டத்தில இருக்கு அக்கா, கடிதம் தேவையில்லை’ என்பார்கள். தேவை.